கலப்பத்து விழாத ஒரு சாண்

சிப்பிமுனை ஊர்க்கமிட்டி குரூஸ் மகன் எஸ்தாக்கியை ஊரை விட்டு விலக்கி வைத்துப் பதினோரு வருஷமும் ஏழு மாசமும் ஆன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கரைமணலில் ஏற்றி வைத்திருந்த அவருடைய பழைய பாய் வள்ளத்தின் அடியில், பலகையும் பலகையும் சேரும் இடுக்கிலிருந்து நல்ல தண்ணீர் ஒழுகியது. உள்ளே கிடந்தது கடல் தண்ணீர், அவரே குடம் குடமாகச் சுமந்து ஊற்றியது. வெளியே வந்தது பானையில் ஊற்றி வைத்துக் குடிக்கிற தண்ணீர். எஸ்தாக்கி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார், இன்னொரு தடவையும் வைத்துப் பார்த்தார், பிறகு கையிலிருந்த சுத்தியலை மணலில் போட்டுவிட்டு, "வேலை சரியில்ல" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு பீடி பற்ற வைத்தார்.

அவரை விலக்கி வைத்ததற்குக் காரணம் ஒரே ஒரு பேச்சு. மீனவராக இருந்த புனிதர் ராயப்பரின் திருநாளன்று அவர் சொரூபத்தை ஒரு வள்ளத்தில் ஏற்றிக் கடலில் ஒரு சுற்றுச் சுற்றி வருவது அந்த ஊர் வழக்கம். அந்த வருஷம் முறை எஸ்தாக்கியின் 'சம்மனசு' வள்ளத்துக்கு; சம்மனசு என்றால் தேவதூதர். ஆனால் ஊர்த்தலைவர் சந்தியாகு, அதாவது எஸ்தாக்கியின் மனைவி கித்தேரியோடு உடன்பிறந்த அண்ணன், அப்போதுதான் எஞ்சின் வைத்த ஃபைபர் படகு ஒன்றை இறக்கி அதன் விளிம்பெல்லாம் கலர் பல்பு கட்டியிருந்தார். புனிதருக்கும் கொஞ்சம் வசதி வேண்டாமா என்று சொல்லிச் சொரூபத்தைத் தம் படகில் ஏற்றிவிட்டார். ஊரெல்லாம் கூடி நின்ற கரையில் எஸ்தாக்கி, "ராயப்பர் பாய் கட்டி வலை வளைச்ச மனுசன். மச்சான் படகுல ஏத்தினா அவருக்கே வாந்தி வரும்" என்றார். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. எஸ்தாக்கி பிறகு மன்னிக்காமல் வைத்திருந்தது அந்தச் சிரிப்பைத்தான், ஏனென்றால் அன்று சாயங்காலம் அவரை விலக்கக் கமிட்டியில் கை தூக்கியவர்கள் எல்லோரும் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்கள். யார் எத்தனை பல் தெரியச் சிரித்தார்கள் என்பதுகூட அவருக்கு மறக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தலைக்குள் வேறு எதையும் போட்டு அடைக்காததால் இந்த மாதிரி விஷயங்களுக்கு இடம் தாராளமாக இருந்தது.

கோயில் வாசலில் மெழுகுவர்த்தி பிடித்து முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். "ராயப்பர் வந்து கேக்கட்டும், சொல்லுதேன்" என்றார் எஸ்தாக்கி. ராயப்பர் வரவில்லை. அன்றிலிருந்து ஊரில் யாரும் அவரோடு பேசுவதில்லை, அவருக்கு நெருப்புக் கொடுப்பதில்லை, உப்புக் கொடுப்பதில்லை, அவர் வேலைக்குக் கை கொடுப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக அவர் பேரை வாயால் சொல்வதில்லை. சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் "அந்த வீடு" என்றார்கள். வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வந்த டீச்சரிடம்கூட அந்த வீட்டில் அந்த வீடு இருக்கிறது என்றுதான் சொன்னார்கள், டீச்சர் இரண்டு தடவை கேட்டுவிட்டு எழுதிக்கொண்டு போனார். எஸ்தாக்கியோடு பேச உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் கித்தேரி. அந்த உரிமையை அவள் ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

வள்ளத்துக்கு வயசு நாற்பது. அதை எட்டு மாசத்துக்கு முன்னால், கடல் கரைமணலில் வெகுதூரம் ஏறி வந்த ஒரு பௌர்ணமிப் பெருவெள்ளத்தில், காற்றையும் அலையையும் கித்தேரியின் வசவையும் துணைக்கு வைத்துக்கொண்டு எஸ்தாக்கி கரையேற்றினார். ஊர்த் தச்சன் அதைத் தொடக் கூடாது என்பது விலக்கில் அடக்கம் என்பதால் எல்லா வேலையையும் அவரே செய்தார், தெரிந்ததைத் தெரிந்த மாதிரியும் தெரியாததை இன்னும் தைரியமாகவும் செய்தார். சுக்கானைத் தாங்குகிற இரும்பு இற்றுப்போயிருந்தது. வீட்டு வாசல் கதவின் கீலைக் கழற்றி அதில் அடித்தார், அதற்குப் பிறகு வீட்டுக் கதவைக் கயிறு போட்டுக் கட்டித் திறக்க வேண்டி வந்தது. பழைய ஆணிகளைப் பிடுங்கிக் கல்லில் வைத்து நிமிர்த்தி மறுபடி அடித்தார். பாயில் கிழிந்த இடத்துக்குத் தேர்தல் முடிந்து முள்ளுக்காட்டில் கிடந்த பிளெக்ஸ் பேனரை வெட்டி ஒட்டுப்போட்டார்; தோற்றுப்போன ஒரு வேட்பாளரின் வாயும் மோவாயும் அப்படியே பாயில் வந்துவிட்டன, காற்று பிடித்தால் அவர் கன்னம் உப்பிச் சிரிப்பார், காற்று விட்டால் பொக்கையாகிவிடுவார். அடியில் உளுத்துப்போன ஒரு பலகைக்குப் பதிலாக, கோயிலில் கழித்துப் பின்னால் போட்டிருந்த முழந்தாளிடும் பெஞ்சின் பலகையை இழைத்துப் பொருத்தினார். பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசி அடைக்கிற வேலைக்குக் கலப்பத்து என்று பேர். பஞ்சுக்கு வீட்டுத் தலையணைகளைக் கிழித்தார், காய்ச்சுவதற்குக் கித்தேரியின் மீன்குழம்புச் சட்டியை எடுத்தார். அந்தச் சட்டி விஷயம் மட்டும் வீட்டுக்குள் நாலு நாள் ஓடியது.

வேலை முடிந்தால் வள்ளத்துக்குள் கடல் தண்ணீரை ஊற்றி ஊறப்போடுவார்கள். மரம் உப்பி இடுக்கு இறுகும், எங்கே ஒழுகுகிறது என்றும் தெரிந்துவிடும். எஸ்தாக்கியும் கித்தேரியும் நாள் முழுக்கச் சுமந்து ஊற்றினார்கள். எல்லா இடுக்கும் நின்றது. முழந்தாள் பலகை ஓரத்தில் ஒரே ஒரு சாண் நீளம் மட்டும் கலப்பத்து விழவில்லை, பஞ்சு தீர்ந்துவிட்டிருந்தது. அங்கேதான் அந்தத் தண்ணீர் வந்தது, நூலாக, நிற்காமல், எவ்வளவு ஒழுகினாலும் உள்ளே மட்டம் ஒரு விரல்கூட இறங்காமல்.

ஏன் வந்தது என்பதற்குப் பிறகு ஊரில் பல காரணம் சொன்னார்கள். எத்தனையோ பேர் முழங்காலிட்டு அழுத கண்ணீர் அந்தப் பலகையில் ஊறியிருக்கிறது என்றார்கள் சிலர். கண்ணீரும் உப்புத்தானே என்று கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார்கள். எஸ்தாக்கிக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். நல்ல கலப்பத்து அடித்த வள்ளம் எந்தத் தண்ணீரையும் விடாது.

சிப்பிமுனைக்குத் தண்ணீர் லாரி வந்து அப்போது ஒன்பது நாளாகியிருந்தது. மறுநாள் காலையில் முதல் ஆளாகக் குடத்தோடு வந்தவள் அடுத்த தெரு பிரகாசி, வாய் சும்மா இருந்தால் பல் வலிக்கும் என்று நினைக்கிறவள். எஸ்தாக்கி வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்கலாம், பேசக் கூடாது. கேட்காமல் எடுத்தால் திருட்டு. பிரகாசி கொஞ்ச நேரம் குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். பிறகு வள்ளத்தின் முகப்பைப் பார்த்து, கல்யாண வீட்டில் சம்பந்தியிடம் பேசுகிற குரலில், "சம்மனசே, ஒரு குடம் பிடிச்சிக்கிடட்டா தாயி" என்று கேட்டாள்.

எஸ்தாக்கி அண்ணாந்து பாய்மரத்தைப் பார்த்தார். "சம்மனசே, குடத்த நல்லாத் தேய்ச்சிட்டு வரச் சொல்லு. அடியில பாசி தெரியுது."

"என் குடத்துல பாசியா? சம்மனசே, சொல்ற வாய்ல பீடி நாத்தம் போகலன்னு நான் சொல்லல, நீயே மோந்து பாத்துக்க."

பதினோரு வருஷத்தில் தம்மைப் பற்றி ஒரு வெளியாள் சொன்ன முதல் பேச்சு அது. வசவுதான், ஆனாலும் எஸ்தாக்கிக்குக் காதோரம் சூடாகியது. பீடியைக் கீழே போட்டுக் குடத்தைத் தாமே பிடித்துச் சாய்த்து வைத்தார். பேரைச் சொல்லவில்லையே என்பது குடம் பாதி நிறைந்த பிறகுதான் உறைத்தது.

சாயங்காலத்துக்குள் நாற்பது குடம் வரிசையில் நின்றது. எல்லோரும் வள்ளத்தோடு பேசினார்கள். வள்ளத்திடம் சுகம் விசாரித்தார்கள், வள்ளத்திடம் மருமகளைப் பற்றிக் குறை சொன்னார்கள், வரிசையில் இடையில் புகுந்தவளை வள்ளத்திடமே காட்டிக்கொடுத்தார்கள். எஸ்தாக்கி பாய்மரத்திடம் பதில் சொன்னார். ஒரு வாரத்தில் அது ஊருக்குப் பழகிவிட்டது. வெளியூர்க்காரன் எவனாவது இது என்ன கூத்து என்று கேட்டால், அவனை ஏற இறங்கப் பார்த்து, பின்னே அந்த வீட்டோடு பேச முடியுமா என்றார்கள்.

கமிட்டி கூடியது. விலக்கி வைத்த ஒருத்தன் வள்ளத்துத் தண்ணீரைக் குடிப்பது அவனோடு சேர்ந்து உண்பதாகுமா ஆகாதா என்று இரண்டு சாயங்காலம் பேசினார்கள், அந்தத் தண்ணீரில் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே பேசினார்கள். பங்குச் சாமியாரைக் கேட்டதற்குத் தண்ணீர் ஆண்டவருடையது என்று சொல்லிவிட்டுத் தம் பங்குக்கு ஒரு கேன் அனுப்பி வைத்தார். கடைசியில் சந்தியாகு எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, தீர்ப்புச் சொன்னார்: ராயப்பரைப் பழித்தது ஆள்; வள்ளம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆகையால் ஆள் மேல் உள்ள விலக்கு அப்படியே இருக்கும், வள்ளம் ஊரில் சேர்த்துக்கொள்ளப்படும்.

அப்படியே செய்தார்கள். சம்மனசு ஊர்க்குடும்பங்களில் ஒன்றாக எழுதப்பட்டது. கல்யாணத்துக்கு அழைக்கிறவர்கள் வெற்றிலை பாக்கோடு வந்து முகப்பில் வைத்து, வீட்டோடு வந்திரணும் என்று கையைக் கூப்பிவிட்டுப் போனார்கள். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவர்கள் யோசிக்கவில்லை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் வள்ளத்துக்குச் சேதி வந்தது. பெரிய மீன் பட்டால் ஊர்ப்பங்கில் ஒரு துண்டம் அதன் முகப்புக் கொம்பில் தொங்கியது, காக்கா கொத்துகிற வரை தொங்கியது, எஸ்தாக்கி எடுத்தால் திருட்டு என்பதால். பிரகாசி தன் பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாக வள்ளத்தையே நிறுத்தப் பார்த்தாள். ஞானத்தாய்க்கு வேண்டிய உறுதிபூசுதல் சடங்கை வள்ளம் இன்னும் வாங்கவில்லை என்று சாமியார் மறுத்துவிட்டார்.

இவ்வளவையும் எஸ்தாக்கி நிழலில் உட்கார்ந்து பார்த்தார். முதலில் அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. தண்ணீர் கொடுக்கிறவனை எத்தனை நாளைக்கு மரத்தைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுவார்கள், என்றாவது ஒருத்தன் வாய் தவறியாவது எஸ்தாக்கி என்று சொல்லிவிடுவான், அன்றைக்கு எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு பதில் சொல்லாமல் போய்விட வேண்டும் என்று. போகிற மாதிரி நடந்துகூடப் பார்த்து வைத்திருந்தார். ஒருத்தனும் வாய் தவறவில்லை. ஊர் ஒன்றில் மட்டும் அவ்வளவு கவனமாக இருந்தது.

"வள்ளத்துக்கு வந்த மரியாதை உமக்கு வந்திருந்தா எனக்கு ரெண்டு புதுச்சட்டி கிடைச்சிருக்கும்" என்றாள் கித்தேரி.

மூன்றாவது மாசம் ஒரு நாள் காலையில் அவர் முழந்தாள் பலகை ஓரத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். விரல் நகம் வரை உள்ளே போயிற்று. எடுத்துப் பார்த்தார், மரம் ஊறின ரொட்டி மாதிரி விரலோடு வந்தது. உப்புத் தண்ணீர் மரத்தைப் பதப்படுத்தும். நல்ல தண்ணீர் தின்னும். கடலோரத்தில் பிறந்த யாருக்கும் இது தெரியும், குடத்தோடு வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். பலகை போனால் அதற்குக் கீழே அடிக்கட்டை, அடிக்கட்டை போனால் வள்ளம் விறகு. எஸ்தாக்கிக்கு உலகத்தில் இருந்தது அந்த வள்ளம் ஒன்றுதான். அவருக்கு வேறு யாரும் கூலிக்குக்கூடப் படகில் இடம் கொடுக்க மாட்டார்கள்.

அன்றைக்குச் சந்தியாகுவே கேனோடு வந்திருந்தார். தலைவர் என்பதால் வரிசையில் நிற்கவில்லை. எஸ்தாக்கி பாய்மரத்தைப் பார்த்துச் சொன்னார்:

"சம்மனசே, உன் அடி உளுத்துக்கிட்டு வருதுன்னு வந்திருக்கவர்கிட்டச் சொல்லு. ஒரு நல்ல பலகையும் ஒரு நாள் தச்சனையும் குடுத்தா, ஒழுகுற பலகையக் கழட்டி ஊருக்கே குடுத்துருதேன். உப்புத் தண்ணி ஊத்தின தொட்டியில பொருத்திக்கிடட்டும். நானும் கடலுக்குப் போவேன், அவங்களும் குடிப்பாங்க."

சந்தியாகு கேன் நிறைகிற வரை யோசித்தார். மூடியைத் திருகினார்.

"சம்மனசே, நல்ல யோசனதான். ஆனா குடுக்கேன்னு சொல்றது யாரு? அங்க யாரும் இல்லையே. இல்லாத ஆள்கிட்ட ஊர் ஒண்ணு வாங்குச்சுன்னா நாளைக்கு அவன் இருக்கான்னு ஆயிரும்."

"மச்சான்" என்றார் எஸ்தாக்கி, இந்தத் தடவை பாய்மரத்தைப் பார்க்காமல், நேராக. "வள்ளம் போயிரும்."

சந்தியாகு கேனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "சம்மனசே, கச்சான் காத்து ஆரம்பிச்சிட்டு. பல விதமாக் காதுல விழும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எஸ்தாக்கி வீட்டுக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்துக் கதவைத் திறந்தார். வீட்டில் ஒரே ஒரு தலையணை மிச்சமிருந்தது, கித்தேரியுடையது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எடும்" என்றாள் கித்தேரி அடுப்பங்கரையிலிருந்து. "பதினோரு வருஷமா அதுல தலை வச்சி நான் தூங்கினதா நினைக்கீரா? உம்ம புலம்பலத்தான் கேட்டுக்கிட்டுக் கிடந்தேன். சட்டியும் அந்தா இருக்கு. போன தடவை போட்ட குங்கிலியமே இன்னும் குழம்புல வாசம் அடிக்குது, இன்னொரு தடவை காய்ச்சினா என்ன குறைஞ்சிரும்."

பட்டப்பகலில், முப்பது குடம் பார்த்துக்கொண்டிருக்க, எஸ்தாக்கி உளுத்ததைச் சுரண்டி எறிந்து, அந்த ஒரு சாண் இடுக்கில் பஞ்சைத் திரித்துத் திணித்து உளியால் தட்டி இறக்கினார். சூடாக இருந்த குங்கிலிய எண்ணெயை மேலே வார்த்தார். நூல் சொட்டாயிற்று, சொட்டு நின்றது. பிரகாசியின் குடத்தில் முக்கால்தான் நிறைந்திருந்தது.

"சம்மனசே" என்று ஆரம்பித்தாள் பிரகாசி.

"அது இனிமே பேசாது" என்றார் எஸ்தாக்கி.

அன்று சாயங்காலம் கமிட்டியில் உட்கார இடமில்லை. ஊர்ச்சொத்தை அழித்தான் என்றார்கள். ஊர்க்குடும்பம் ஒன்றின் வாயை அடைத்தான் என்றும் சொன்னார்கள், சம்மனசு குடும்பமாக எழுதப்பட்டிருந்ததால். இதற்குச் சிப்பிமுனையில் இருக்கிற பெரிய தண்டனையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில் ஒரு கையும் இறங்கவில்லை. பெரிய தண்டனை ஊர்விலக்கு. சந்தியாகு தாளை எடுத்து எழுதச் சொன்னபோதுதான், வாசலில் நின்ற பிரகாசி கேட்டாள்:

"இல்லாத ஆளை எப்படி விலக்குவீய?"

கோயில் காரியமும் ஊர்க்கணக்கும் பார்க்கிற கோயில்பிள்ளை பழைய தீர்ப்புகளைப் புரட்டினார். விலக்கு மேல் விலக்கு எங்கேயும் கிடையாது. அடிக்கலாம் என்றான் ஒருத்தன். போலீஸ் வந்தால் யாரை அடித்தாய் என்று கேட்பார்கள், பேரைச் சொல்ல முடியாதே என்றான் இன்னொருத்தன். வள்ளத்தை விலக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது, வள்ளம் பாவம் என்று பெண்கள் சத்தம் போட்டார்கள். மணி எட்டாயிற்று. வேறு வழியில்லாமல் அந்த ஊர் தனக்குத் தோன்றிய ஒரே நேர்மையான முடிவுக்கு வந்தது: வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குரூஸ் மகன் எஸ்தாக்கியை முறைப்படி ஊரில் சேர்த்துக்கொள்வது, சேர்த்த கையோடு ஆயுசுக்கும் விலக்கி வைப்பது. மன்னிப்பு, மெழுகுவர்த்தி ஒன்றும் வேண்டாம், ஐந்து நிமிஷத்துக்குச் சேர்க்கிற ஆளுக்கு அதெல்லாம் எதற்கு என்று சந்தியாகு பெருந்தன்மையாகச் சொன்னார்.

இடையில் இருந்த நாலு நாளில் எஸ்தாக்கி உள்ளே கிடந்த உப்புத் தண்ணீரை இறைத்துக் கொட்டினார், பாயைக் கட்டினார், வலையை ஏற்றினார். வள்ளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் எண்பது அடி மணல் இருந்தது. பெருவெள்ளம் அவ்வளவு தூரம் மறுபடி ஏறி வரவேயில்லை. இரண்டு பேரால் ஒரு அடிகூட நகராது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கோயில்பிள்ளை படியில் நின்று உரக்கச் சொன்னார்: "குரூஸ் மகன் எஸ்தாக்கி, சிப்பிமுனை ஊரார்."

பதினோரு வருஷமும் பத்து மாசமும் யாரும் புழங்காத பேர், கொஞ்சம் துருப்பிடித்த மாதிரிதான் வந்தது. எஸ்தாக்கி வெள்ளைச் சட்டையில் கடைசி வரிசையில் நின்றிருந்தார். இதற்காக ஒத்திகை பார்த்து வைத்திருந்த நடையெல்லாம் மறந்துபோய், பெயரைக் கேட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, "உள்ளேன்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். யார் என்று பார்த்து வைத்துக்கொண்டார்.

சந்தியாகு இரண்டாவது தாளை விரித்தார்.

"மச்சான், ஒரு நிமிசம்" என்றார் எஸ்தாக்கி. "நான் இப்ப ஊர்க்காரந்தானே?"

"ஆமா. அதான் சேத்தாச்சுல்லா."

"அப்ப என் வள்ளம் இறங்கணும். ஊர் தோள் குடுக்கணும்."

ஊர்க்காரன் ஒருத்தன் வள்ளத்தை இறக்கத் தோள் கேட்டால், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து போக வேண்டும், முதல் தோள் தலைவருடையது, வள்ளம் நனைகிற வரை வேறு பேச்சு எடுக்கக் கூடாது. இந்தச் சட்டத்துக்கு விதிவிலக்கு எழுத எந்தக் கமிட்டிக்கும் தோன்றியதில்லை. சந்தியாகு தாளைப் பார்த்தார், கோயில்பிள்ளையைப் பார்த்தார். கோயில்பிள்ளை ஏற்கெனவே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"தள்ளிட்டு வந்து வாசிப்பம்" என்றார் சந்தியாகு.

வள்ளத்தில் கித்தேரி முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தாள், மடியில் குழம்புச் சட்டியோடு. அவள் அண்ணன் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்தார், ஊர் இரண்டு பக்கமும் தோளைக் கொடுத்தது. ஒருத்தன் வள்ளம் தள்ளுகிறபோது பாடுகிற அம்பாப் பாட்டை எடுத்தான், மற்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். எண்பது அடி மணலையும் அவர்கள் மூச்சு வாங்க, வேர்வை சொட்ட, வசைபாடிக்கொண்டு, ஒரே உடம்பு மாதிரி தள்ளிக் கடந்தார்கள். தள்ளுகிற அழகைப் பார்த்தால் பதினோரு வருஷமாக இதற்குத்தான் காத்திருந்தார்கள் என்று யாரும் நினைத்துவிடுவார்கள். அடிக்கட்டை தண்ணீரைத் தொட்டது. எஸ்தாக்கி விளிம்பைப் பிடித்து எம்பி ஏறினார். அந்த ஒரு சாணில் ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை. பாய் ஏறியது, தோற்றுப்போன வேட்பாளர் கன்னம் உப்பிச் சிரித்தார்.

சந்தியாகு இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே தாளை எடுத்தார். நனைந்திருந்தது. எழுத்தைத் தேடித் தேடி அவர் வாசித்து முடிப்பதற்குள் வள்ளம் வெகுதூரம் போய்விட்டது. ஒன்று பாக்கி இருந்தது. விலக்கப்படுகிறவன் மூன்று சாட்சிகள் காதில் விழ "கேட்டேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் விலக்கு ஒட்டும், சொல்கிற வரை அவன் ஊர்க்காரன். சந்தியாகு இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து, ஊர்த்தலைவர் குரலையெல்லாம் திரட்டிக் கூவினார்:

"குரூஸ் மகன் எஸ்தாக்கி, கேட்டியா?"

கச்சான் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. பேர் அப்படியே, ஒரு எழுத்துக் குறையாமல், வள்ளத்துக்குள் வந்து இறங்கியது. எஸ்தாக்கி பாயின் கயிற்றைத் தளர்த்தினார். வேட்பாளருக்குப் பல் போயிற்று. நங்கூரத்தைப் போட்டார்.

"என்னத்துக்கு நிறுத்துதீரு?" என்றாள் கித்தேரி.

"கூப்பிடுதாம்லா உங்க அண்ணன்."

"கேட்டேன்னு கத்திட்டுப் போய்க்கிட்டே இரும். சனியன் விட்டுதுன்னு."

"காத்து எதிரு. கத்தினாலும் போய்ச் சேராது."

"கத்திப் பாக்குறது."

எஸ்தாக்கி கத்திப் பார்க்கவில்லை. காதோரம் கையை வைத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு வாட்டி கூப்பிடட்டும்" என்றார்.

அன்றைக்கு முப்பது வாட்டி கூப்பிட்டார்கள். எஸ்தாக்கியும் கித்தேரியும் கரையேறாமல் வள்ளத்திலேயே குடியிருந்தார்கள். மறுநாளும் கூப்பிட்டார்கள், பதில் வாங்காமல் விட்டால் அவன் ஊர்க்காரனாகவே செத்துவிடுவான் என்ற பயத்தில் ஒவ்வொரு நாளும் கூப்பிட்டார்கள். நாலாம் நாள் சந்தியாகுவுக்குத் தொண்டை போயிற்று, கோயில்பிள்ளைக்குப் பத்தாம் நாள். அதன் பிறகு கமிட்டி வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தது. அன்றைக்குச் சிரித்தவர்கள், கை தூக்கியவர்கள், அவர்கள் மருமக்கள் எல்லோரும் விடிந்ததும் காலிக்குடத்தைக் கரையில் இறக்கி வைத்துவிட்டு, லாரி வருகிறதா என்று ஒரு கண்ணைத் தெருவில் வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்து எஸ்தாக்கி எஸ்தாக்கி என்று கூவினார்கள். கச்சான் ஓய்ந்து, கடலிலிருந்து கரைக்கு அடிக்கிற கொண்டல் காற்று வந்த மாசங்களில் அவர் கரைக்கு இன்னும் கிட்டே வந்து நங்கூரம் போட்டார், ஆனால் அப்போது காது மந்தமாகிவிட்டது என்று கித்தேரியிடம் சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு யாரு?" என்று கேட்பார்.

"பிரகாசி" என்பாள் கித்தேரி வலையிலிருந்து நாலு சாளை மீனைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே. "பதினோரு வருஷம் அவங்க உம்மைக் கட்டிப் போட்டாங்க. இப்ப நீராவே கட்டிக்கிட்டீரு."

"சும்மா இரு. நல்ல தொண்டை அவளுக்கு."

மீன் இரண்டு மைல் தள்ளி இருந்தது. காது கேட்கிற தூரம் அரை மைல். நாற்பது வயசில் புதுசாகிவிட்ட, சொட்டு ஒழுகாத சம்மனசு அந்த அரை மைலைத் தாண்டவேயில்லை.